வைக்கோல் குட்டி

வைக்கோல் கன்றை உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்கவே மாட்டீர்கள். பாக்கெட் பாலில் வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். கன்று செத்துப்போனால் மாடு பால் சுரக்காது. அதனால் அந்தக் கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோலை அடைத்து, நான்கு குச்சிகளைக் கால்களாகச் செருகி மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கும், மடி இளகும், பால்காரர் கறந்துகொண்டு போவார். ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது எங்கள் பால்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு, கக்கத்தில் அந்தக் கன்றை இடுக்கிக்கொண்டு வாசல் வாசலாக வருவார். என் மகள் அதற்குப் புல் ஊட்டப் பார்த்திருக்கிறாள்.

போன மாதம் இளம் கால்நடை டாக்டர்களான நீங்கள் கூட்டிய கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, குட்டி செத்துப் பிறந்த குதிரையை மறுபடி ஆண்குதிரையோடு எப்போது சேர்க்கலாம், சேர்க்கத்தான் வேண்டுமா என்று கேட்டாள். மேடையில் இருந்தவர்கள் திரையில் படம் போட்டுப் பதில் சொன்னார்கள். சரியான பதில்தான். ஆனால் அவள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால் அவளுக்குப் பதில் கிடைத்த மாதிரித் தெரியவில்லை. எங்கோ ஒரு கொட்டகையில் குதிரைக்காரர் ஒருவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நானும் அப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டவள். அந்த ஒரு குதிரையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். மருந்துகளைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைவிட உங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

எண்பதுகளின் பிற்பகுதி. ஆவடிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். ஊர் வாயில் அது மாட்டாஸ்பத்திரி, நான் மாட்டு டாக்டரம்மா. கணவருக்கு ராணுவ டாங்கித் தொழிற்சாலையில் வேலை. "உங்க வீட்டுக்காரர் டாங்கி செய்யறாரு, நீங்க மாட்டுக்கு ஊசி போடுறீங்க, வீட்ல யாரு சமைக்கிறது?" என்று குவார்ட்டர்ஸ் பெண்கள் சிரிக்காமல் கேட்பார்கள். நானும் சிரிக்காமல், "மாடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

குதிரை எங்களிடம் வருவது அபூர்வம். ஸ்டேஷன் வாசலில் சில ஜட்காக் குதிரைகள், பூந்தமல்லித் தோட்டங்களில் பந்தயத்தை விட்டு வந்த சில குதிரைகள், அவ்வளவுதான். ஏழுமலையின் சுந்தரி இந்த இரண்டிலும் சேராதவள். அவள் கல்யாணக் குதிரை. ஆவடி முகாம்களில் வடநாட்டுக் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் வீட்டு மாப்பிள்ளை மண்டபத்துக்குக் குதிரைமேல்தான் வரவேண்டும். அது வெள்ளையாகவும் இருக்கவேண்டும், பெட்டையாகவும் இருக்கவேண்டும். பேண்டு வாத்தியமும் சரவெடியும் காதைப் பிளக்கும். ஜென்மத்தில் குதிரை ஏறியிராத ஒரு பையன் முகத்தில் பூச்சரம் தொங்க மேலே உட்கார்ந்து, பயத்தில் கடிவாளத்தைப் பிடித்து இழுப்பான். அத்தனைக்கும் நடுவில் மிரளாமல் நடக்கிற குதிரை லேசில் கிடைக்காது. சுந்தரி நடந்தாள்.

ஏழுமலையின் அப்பா திருநின்றவூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டியவர். ஏழுமலை பட்டணத்தில் பந்தயக் குதிரைகளைத் தேய்த்துக் கழுவி மிச்சம் பிடித்து, அதே ஊர் ஏரியோரம் ஒரு மனை வாங்கினார். அதில் முதலில் குதிரைக்குக் கொட்டகை போட்டார், அப்புறம்தான் தனக்கு வீடு. மனைவி அமுதா அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. "எங்க ஊட்டுக்காரருக்கு மூத்த சம்சாரம் கொட்டாய்ல கீது டாக்டரம்மா" என்பாள். அவர்களுக்கு இரண்டு பெண்கள், இரண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. ஆகவே, பிள்ளையில்லாதவர்கள் குதிரையைப் பிள்ளையாக வளர்த்த கதை இது என்று நீங்களாக முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம். சுந்தரி அந்த வீட்டின் சோறு. அவளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அவள் இடத்துக்கு இன்னொரு வெள்ளைப் பெட்டை வேண்டும், வாங்குகிற வசதியோ இல்லை. அவளே பெற்றுத் தந்தால்தான் உண்டு.

பூந்தமல்லி பக்கம் ஒரு தோட்டத்தில் வெள்ளை ஆண்குதிரை ஒன்று இருந்தது. தோட்டத்துச் சொந்தக்காரருக்கு ஏழுமலைமேல் பழைய பிரியம், சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். சுந்தரி சினையானாள். பதினோரு மாதம் அமுதா அவளைத் தரையில் விடாத குறையாகப் பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் விடிகாலையில் ஏழுமலை சைக்கிளை மிதித்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தார்.

"டாக்டரம்மா, ஒரு கால்தான் வெளிய கீது. தலயக் காணோம்."

அதைக் கேட்டதுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மாட்டுப் பிரசவம் கொஞ்சம் பொறுக்கும், நாம் போய்ச் சேரும்வரை காத்திருக்கும். குதிரைப் பிரசவத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் போனபோது குட்டி உள்ளேயே இறந்திருந்தது. கழுத்து பின்பக்கமாக மடங்கியிருந்தது. தாயையாவது காப்பாற்ற வேண்டும். எப்படி நிமிர்த்தி எடுத்தேன் என்பதை விட்டுவிடுகிறேன். எடுத்து முடித்தபோது என் கை எனக்குச் சொந்தமில்லாமல் தொங்கியது. பெட்டைக் குட்டி. கரும்பழுப்பு நிறம். வெள்ளைக் குதிரைக்குப் பிறக்கிற குட்டி அப்படித்தான் இருக்கும், வளர வளரத்தான் வெளுக்கும். ஏழுமலை அதன் நெற்றியைத் தடவி, "நல்லா வெளுத்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அமுதாவின் அண்ணன் தணிகாசலம் கோணியோடு தயாராக நின்றார். மாடு வைத்திருப்பவர், நல்ல கைக்காரர், எங்கே உதவி தேவையோ அங்கே முதல் ஆளாக வந்து நிற்பவர். "தூக்கிடலாம் டாக்டரம்மா, அது பாத்தா தாங்காது" என்றார்.

வேண்டாம் என்றேன். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு குதிரைப் பண்ணைக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்த பெரிய டாக்டர் யாரோடும் அதிகம் பேசமாட்டார். அவர் பேசியதில் எனக்கு உருப்படியாக மனதில் நின்றது ஒன்றுதான். "செத்த குட்டிய உடனே எடுக்காதே. அவ பாத்து முடிக்கட்டும். அவளாத் திரும்பினதும் எடு." உடனே எடுத்துவிட்டால் அது எங்கேயோ இருக்கிறது என்று தாய் தேடும், நாள்கணக்கில் கனைக்கும். பார்க்க விட்டால், பார்த்துப் பார்த்து அதுவே முடித்துக்கொள்ளும்.

சுந்தரி முகர்ந்தாள். நக்கினாள். முன்னங்காலால் மெல்லத் தட்டி எழுப்பினாள். தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தைக் குட்டி போட்ட குதிரைதான் போடும், வேறு சமயத்தில் நீங்கள் கேட்கவே முடியாது. அமுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கும் நிற்க முடியவில்லை, ஆனால் நின்றேன். வெயில் ஏறிய பிறகு சுந்தரி ஒருமுறை கடைசியாக முகர்ந்துவிட்டு, திரும்பிப் போய்ப் புல்லில் வாய் வைத்தாள். அதன் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. "இப்ப எடுத்துப் புதைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றாம் நாள் கர்ப்பப்பையைப் பார்ப்பதற்காகப் போனேன். ஏரிக்கரையில் திரும்பும்போதே கொட்டகை தெரியும். சுந்தரி நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் குட்டி நின்றிருந்தது.

செத்துவிட்டது என்று என் வாயால் சொன்ன குட்டி. மொபெட்டை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன். கிட்டே போன பிறகுதான் மூங்கில் கால்கள் தெரிந்தன. வயிற்றில் சணல் தையல் தெரிந்தது. பச்சைத் தோலின் வாடை அடித்தது.

"நான்தான் செஞ்சேன்" என்றார் தணிகாசலம். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "பொதைக்கத்தான் எடுத்துக்கினு போனேன். தங்கச்சி அழுதுகினே இருந்துச்சு. இது மூஞ்சியப் பாத்தேன், மனசு கேக்கல. எங்க மாட்டுக்கெல்லாம் இப்புடித்தான் செய்வோம். வெச்சதும் இன்னா சந்தோசம்ன்ற! நக்கோ நக்குன்னு நக்குது."

தணிகாசலத்தை நான் திட்டவில்லை. திட்டினால் என் கோபம் ஆறியிருக்கும், வேறு எதுவும் ஆகியிருக்காது. மாடு வளர்க்கிறவர், மாட்டுக்குத் தெரிந்ததைச் செய்தார். ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. மாட்டை வைக்கோல் கன்றால் ஏமாற்றலாம், ஏனென்றால் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து கறக்கிறார். மடி காலியாகிறது. மாட்டுக்குக் கணக்கு நேராகிவிடுகிறது. குதிரையை யார் கறப்பது? கறக்கப் போன தணிகாசலத்தின் முழங்காலில் சுந்தரி ஒரு உதை விட்டிருந்தாள். கட்டுப் போட்டிருந்தார். அவளோ குட்டி வந்துவிட்டது என்று நம்பி மடியைச் சுரக்க விட்டுவிட்டாள். மடி கல்லாக வீங்கி, பால் தானாகச் சொட்டிப் பின்னங்கால்கள் இரண்டும் பிசுபிசுத்துக் கிடந்தன. குட்டியின் அருகே போவாள், பக்கவாட்டில் திரும்பி மடியைக் காட்டி நிற்பாள். அது குடிக்காது. மூக்கால் தள்ளுவாள். அது ஆடும், மறுபடி நிற்கும். மறுபடி திரும்பிக் காட்டுவாள். ஒரே காலையில் அழுது முடித்திருந்தவளை மறுபடி முதலிலிருந்து அழவிட்டிருந்தோம்.

"யாரையும் கிட்ட சேக்கல" என்றார் ஏழுமலை. நாய்க்குட்டி மாதிரி அவர் பின்னாலேயே சுற்றிய குதிரை அவரையே கடிக்க வந்திருந்தது. "அமுதாவ மட்டும்தான் உடுது."

கண்ணைக் கட்டி இழுத்துவிடலாம் என்றார் தணிகாசலம். மயக்க ஊசி என் பையிலேயே இருந்தது. இரண்டுமே சுலபமான வழிகள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டால், உங்களில் பெரும்பாலோர் ஊசியைத்தான் சொல்வீர்கள். தப்பில்லை. ஆனால் திருட்டுத்தனமாக எடுத்தால் மறுபடி தேடுவாள் என்று எனக்குப் பட்டது. அமுதாவிடம் கத்தரிக்கோலைக் கொடுத்து, "அவ பாக்கும்போதே பிரிம்மா" என்றேன்.

அமுதா மண்டியிட்டு உட்கார்ந்து தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். வயிறு பிளந்தது. வைக்கோல் கொத்துக் கொத்தாகக் கீழே விழுந்தது. தோல் துவண்டு மூங்கில்மேல் தொங்கியது. சுந்தரி தோலை முகர்ந்தாள். வைக்கோலை முகர்ந்தாள். மறுபடி தோலை முகர்ந்தாள். பிறகு வைக்கோலைத் தின்ன ஆரம்பித்தாள்.

அவள் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"பாத்தியா மாமே, மறந்துட்ச்சு!" என்றார் தணிகாசலம். "குட்டியாவது ஒண்ணாவது. வவுறுதான் பெருசு."

ஏழுமலையின் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. "அப்ப அடுத்ததுக்கு ரெடியாயிட்டா டாக்டரம்மா. இன்னும் நாலஞ்சு நாள்ல பருவத்துக்கு வந்துடும். இட்டுக்கினு பூடறேன்."

"மறக்கவும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றாள் அமுதா, தோலை மடித்துக்கொண்டே. "உப்பு வாசன. மூணு நாளா சரியாத் தின்னாத ஒடம்பு. பசி. அடுத்தது பெத்தா மறந்துடும், அடுத்தது பெத்தா மறந்துடும்னு பொம்பளைக்குச் சொல்ற மாதிரியே குதிரைக்கும் சொல்லுங்க."

ஒரே வாய் வைக்கோல். மூன்று பேர் மூன்று விதமாகப் படித்தார்கள். எனக்கும் நாலாவதாக ஒரு வாசிப்பு இருந்தது, அதை உங்களுக்குச் சொல்லமாட்டேன், ஏனென்றால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. அங்கே நான்தான் டாக்டர். குதிரையின் மனதை நானும் சேர்ந்து ஊகிக்க ஆரம்பித்தால், கையை உள்ளே விட்டுப் பார்க்கிறவள் யார்? நீங்கள் போகிற இடமெல்லாம் இப்படித்தான் இருக்கும். விலங்கு ஒன்றைச் செய்யும், சுற்றி நிற்கிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை அதில் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு கையுறையை மாட்டிக்கொள்ளுங்கள்.

பார்த்தேன். நல்ல செய்தி இல்லை. குட்டியை எடுக்கும்போது கர்ப்பப்பை வாயில் கிழிந்திருந்தது. உள்ளே அழுக்கு நீர் தேங்கியிருந்தது, நாற்றமும் இருந்தது. கழுவி மருந்து வைத்தேன். குட்டி போட்ட ஒரு வாரம் பத்து நாளில் குதிரைக்கு முதல் பருவம் வரும் என்பதும், அதிலேயே சேர்க்கிறவர்கள் உண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்தப் புண் அதற்குள் ஆறாது. அடுத்த பருவத்துக்கு விட்டுவிடலாம் என்று ஏழுமலையிடம் சொன்னேன்.

"அடுத்த பருவத்துக்கு ஆம்பளக் குதிர இருக்காதே!" என்றார். தோட்டக்காரர் அந்தக் குதிரையை வெளியூருக்குக் கொடுத்துவிட்டார். பத்துப் பதினைந்து நாளில் லாரி வந்துவிடும். "இத்த உட்டா நான் எங்க போவேன்? இன்னொரு வெள்ளக் குதிர இந்தச் சுத்துப்பட்டுல எங்க கீது, சொல்லுங்க."

எங்கேயும் இல்லை என்பது எனக்கும் தெரியும். அன்று முடிவு எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன். அடுத்த சில நாள் போய்ப் போய் மருந்து வைத்தேன். மடி வற்றியது. நாற்றம் குறைந்தது. கிழிசல் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு காலையில் பருத்திப்பட்டுத் தாண்டி மாட்டுப் பிரசவம் ஒன்றுக்காகப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வரிசையாகக் கம்பெனி பஸ்கள். சாலையோரப் புளியமரத்தடியில் ஏழுமலை சுந்தரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குளிப்பாட்டி, பிடரியை வாரி, கல்யாணத்துக்குக் கூட்டிப்போகிற மாதிரி அழகாக்கியிருந்தார். பூந்தமல்லிக்குப் போகிற வழி அது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மொபெட்டை நிறுத்தினேன்.

"நானா இழுத்துக்கினு வரல" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. "வாலத் தூக்குறா பாருங்க. அவளே கேக்குறா."

உண்மைதான். பருவம் நன்றாக வந்திருந்தது.

"கேப்பா ஏழுமலை. உடம்பு அப்படித்தான். உள்ள புண்ணு ஆறிச்சா இல்லையான்னு அதுக்குத் தெரியாது."

"இப்ப சேத்தா சென நிக்குமா, நிக்காதா?"

"நிக்கலாம். நின்னு நல்லபடியாக் குட்டி போடவும் போடலாம். இல்லைன்னா, புண்ணுல சீழ் வெச்சு அவளே போயிடவும் போயிடலாம். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இம்மாம் படிப்பு?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஒரு பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. சுந்தரி அசையவில்லை. சரவெடிக்கே அசையாதவள்.

"உங்க குதிரையா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

அந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைக் கேட்பார்கள். அது மருத்துவக் கேள்வியே அல்ல என்று நழுவிவிடலாம், நழுவுவதற்கு நல்ல நல்ல வாக்கியங்கள் நம்மிடம் உண்டு. நான் நழுவவில்லை.

"என் குதிரையா இருந்தா இப்படியே திரும்பி வீட்டுக்குப் போவேன்."

"உங்க குதிரையா இருந்தா உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வரும் டாக்டரம்மா."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிழை கிடையாது. சுந்தரி போனால் எனக்கு வருத்தம், அவருக்குப் போவது சோறு. குட்டி இல்லாமல் போனாலும் எனக்கு வருத்தம்தான், அவருக்குச் சோறுதான். இரண்டு பக்கமும் இழப்பு அவருடையதாக இருக்கும்போது, நடுவில் நின்று நியாயம் சொல்ல நான் யார் என்று தோன்றியது. கூசியது. ஆனால் கேட்டவருக்குச் சொல்லியாயிற்று, சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

அவர் வெகுநேரம் சுந்தரியின் கழுத்தில் கை வைத்தபடி நின்றார். அப்புறம் கயிற்றைச் சுருட்டிப் பிடித்து, அவளைத் திருப்பி, வந்த வழியே நடந்தார். நான் மாட்டுப் பிரசவத்துக்குப் போனேன். அங்கே கன்று உயிரோடு பிறந்தது. எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

ஆண்குதிரை போய்விட்டது. சுந்தரியின் புண் ஆறியது. அடுத்த வருடம் ஸ்ரீபெரும்புதூருக்கும் அப்பால் எங்கோ ஒரு குதிரை இருப்பதாகக் கேள்விப்பட்டு ஏழுமலை அவளை நடத்தியே கூட்டிப்போனார், இரண்டு தடவை. இரண்டு தடவையும் சினை நிற்கவில்லை. அதன் பிறகு வயது தாண்டிவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், மறைத்தால் நியாயமில்லை. அந்தப் பூந்தமல்லித் தோட்டத்திலேயே அதே பருவத்தில் இன்னொரு பெட்டைக்கும் குட்டி செத்துப் பிறந்திருந்தது. அதை முதல் பருவத்திலேயே சேர்த்தார்கள். மறு வருடம் அது நல்ல குட்டியாகப் போட்டது. ஏழுமலை போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். குறை சொல்லவில்லை. "கறுப்பாத்தான் கீது, வெளுத்துடும்" என்றார். அந்தக் குதிரைக்குக் கிழிசல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருக்கவில்லை என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதி. அதனாலேயே அப்படி நினைப்பதில்லை.

நான் செய்தது சரியா? நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். தெரியாது. போகாத வழியில் என்ன இருந்தது என்று யாரும் வந்து சொல்லமாட்டார்கள். நம் தொழிலில் பாதி நாள் அப்படித்தான். சரியான முடிவு எடுத்தவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் குதிரைப் பக்கம் போனதே இல்லை என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் நடுவில் என்னை அம்பத்தூர்ப் பக்கம் மாற்றியிருந்தார்கள். சுந்தரியால் ஊர்வலம் போக முடியாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஏழுமலை அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக இருந்தார். மூத்த பெண் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை செய்யாத குதிரையை வைத்துத் தீனி போடுகிறானே, பைத்தியக்காரன் என்று ஊர் சொன்னது. வண்டிக்காரர் ஒருவர் வந்து அவளை விலைக்குக் கேட்டபோது அமுதா விளக்குமாற்றை எடுத்தாளாம்.

ஒரு காலையில் காக்கி உடுப்போடு ஏழுமலை என் வாசலில் நின்றார். திருநின்றவூருக்குப் பக்கத்தில் வேறு டாக்டர் இருந்தார். ஆனாலும் என்னைத் தேடி வந்தார். போனேன். சுந்தரி படுத்திருந்தாள். குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. வியர்வையில் உடம்பு முழுக்க நனைந்து, தலையைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த வயதில், அந்த இடத்தில், வெட்டித் திறந்து பார்க்கிற பேச்சே இல்லை.

ஏழுமலையே கேட்டார்.

"உங்க குதிரையா இருந்தா இப்ப இன்னா பண்ணுவீங்க டாக்டரம்மா?"

புளியமரத்தடியும் பஸ் தூசியும் எனக்கு அப்படியே வந்து நின்றன. "ஊசி போட்டு அனுப்பி வெச்சிடுவேன்" என்றேன்.

"அப்ப உங்க குதிரதான். போடுங்க."

இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "என் குதிரையாக இருந்தால்" என்று ஒருமுறை வாய்விட்டால், அதற்குப் பிறகு அது பாதி உங்கள் குதிரை. கேட்டவர் மறக்கமாட்டார். அந்தப் பாதியைச் சுமக்க முடியாதென்றால் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். முடியுமென்றால் சொல்லுங்கள், அப்புறம் கூப்பிட்டபோது போங்கள்.

போட்டேன். அமுதா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அடித்துக்கொண்டிருந்த தலை அடங்கியது.

தணிகாசலம் குழி வெட்டுகிற ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். தலை நரைத்திருந்தது, மாடுகளை விற்றிருந்தார். ஆட்கள் அவசரப்பட்டார்கள். "வெயில் ஏறுது, ஒடம்பு பெருசு, இப்பவே இழுத்தாதான் ஆவும்" என்று கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். தணிகாசலம் என்னைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அன்று கோணியோடு நின்றவருக்கு இன்று புரிந்துவிட்டது.

"வாங்கப்பா, மொதல்ல ஒரு டீ அடிச்சுட்டு வந்துடலாம்" என்று அவர்களை அழைத்துக்கொண்டு போனார்.

ஏழுமலை தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, வியர்வையில் ஒட்டியிருந்த பிடரி மயிரை விரலால் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார். அமுதா கழுத்தைத் தடவினாள், காதுகளைத் தடவினாள், ஒருமுறை முதுகில் மெல்லத் தட்டினாள். நான் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஏரிப் பக்கமிருந்து ரயில் ஒன்று போகிற சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று.

கடைசியில் அமுதா மடியிலிருந்த தலையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். சுந்தரிக்காக வைத்திருந்த வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையோர முருங்கைக்கு ஊற்றினாள். வாளியைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிடச் சொன்னேன்.